பகலில் புகையாத அடுப்பு

போன மாதம் வெலிமடையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள் சின்ன வயதில் என்னோடு ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையின் மகள். அவள் தன்னைச் சுற்றியிருந்த இளம் பெண்களிடம் என்னைக் காட்டி, "இது யாருன்னு தெரியுமா? அடுப்பணைச்சவ மக" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவின பிறகுதான் சொல்லவேண்டிய பதிலெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அதனால் எழுதுகிறேன். என் வயதுப் பெண்களே, லயத்தில் பிறந்து புகையில் கண் சிவந்து வளர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இது. ஆமாம், என் அம்மா அடுப்பை அணைத்தாள். ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பகலில் புகை வரவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. அதற்காகத் தலை குனியவும் போவதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை. தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தன. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே எங்கள் தோட்டம். எட்டு ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நிற்கிற ஒரு லயம், அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்தெடுத்தாள். அப்பா இஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். நாள் முழுவதும் தொடை கனக் கட்டைகளை நெருப்புக்குள் தள்ளிவிட்டு வருகிற மனிதருடைய வீட்டில் ஒரு உலை கொதிக்க விறகு இருக்காது. இஸ்டோர் விறகில் ஒரு சிராய்கூட லயத்துக்கு வரக்கூடாது. காட்டு மரத்தில் கை வைத்தால் காவற்காரன் பிடிப்பான். எங்களுக்கென்று இருந்தது கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி மட்டும்தான்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் அந்தக் குச்சியும் ஊறிப்போகும். அடுப்பில் வைத்தால் முனையில் நுரை தள்ளும், சீறும், எரியாது. காம்பராவுக்கு ஒரு கதவு, ஒரு கைப்பிடி ஜன்னல். புகை எங்கே போகும்? கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி எங்கள் கண்ணுக்குள்தான் வரும். அந்த மாதங்களில் என் தலைமுடி, பாவாடை, நான் குடிக்கிற தண்ணீர் எல்லாம் ஒரே மணம்.

அந்த நெருப்பைக் காப்பதுதான் என் வேலை. லயத்தில் என்னைவிடப் பெரிய பெண்கள் கொழுந்துக்குப் போய்விட்டார்கள். சின்னவர்கள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளைமடுவத்தில் தூங்கினார்கள். பக்கத்துக் காம்பரா அத்தையின் மகளுக்கு ஏழு வயது. அவள் தன் தம்பிக் குழந்தைக்குத் தொட்டிலாட்ட அங்கே போய்விடுவாள். மிச்சம் இருந்தவள் நான். காலையில் பள்ளத்தில் இறங்கி ஒரு கட்டு விறகு பொறுக்கிக் கட்டித் தூக்கி வந்து, உலை வைத்து, சோறு வடித்து, பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு அம்மா வருகிற வரை தணல் அவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை. மழையில் வத்திப்பெட்டி நமுத்துப் போகும், கடை மூன்று மைல். பகலில் நனைந்து வருகிற பெண்கள் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் காம்பராவுக்குத்தான் வருவார்கள். "குட்டி, நெருப்பு குடு." நெருப்புக் கேட்டு வந்தவர்களை வெறும் சிரட்டையோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் லயத்தில் ஒரு சட்டம் போல இருந்தது. ஆளுக்கு இரண்டு கங்கு எடுத்துக்கொண்டு போய் அவரவர் அடுப்பை மூட்டுவார்கள். எட்டு வீட்டுப் பகல் அடுப்பும் என் ஊதுகுழலில்தான் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பொய் சொல்லக்கூடாது.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். புள்ளைமடுவத்துக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை, ஒரு வாத்தியார். தேய்ந்த மண்வெட்டித் தகடு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் தட்டுவார். அதுதான் மணி. நான் விறகுக் கட்டோடு ஏறி வரும்போது கொட்டகை ஓரமாக நிற்பேன். உள்ளே பையன்கள் ஒன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பது கட்டின் கனத்தை மறக்கவைக்கும். ஒரு நாள் வாத்தியார் வெளியே வந்தார்.

"தினமும் நிக்கிறியே, உள்ள வர்றதுதானே?"

நான் தலையிலிருந்த விறகுக் கட்டைக் காட்டினேன்.

"வர்றதுன்னா காலையில மணிக்கு வரணும். பகல் வரைக்கும் இருக்கணும். நடுவுல வந்து நடுவுல ஓடக்கூடாது. வீட்டுல கேட்டுட்டு வா."

மணியிலிருந்து பகல் வரை என்றால் அது முழுக்க நெருப்பின் நேரம். வீட்டில் சொன்னேன். அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். அம்மா, "ஒன்னை அனுப்பிட்டு அடுப்பை யாரு பாக்குறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் யோசித்துப் பார்த்து வழி தெரியாமல் சொன்னது போலத்தான் இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

பிறகு அது தற்செயலாக நடந்தது. ஒரு காலை எனக்குக் காய்ச்சல். என்னால் எழுந்து நெருப்புப் பார்க்க முடியாது என்று அம்மா இருட்டிலேயே எழுந்து உலை வைத்தாள். விறகு சண்டித்தனம் பண்ணி, உலை கொதிக்கவே நேரமாகிவிட்டது. அரிசி போட்டு ஒரு கொதி வந்திருக்கும், வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுத் தப்பு அடித்துவிட்டது. தப்புச் சத்தம் நிற்பதற்குள் பெரட்டுக் களத்தில் நிற்காதவளுக்கு அன்று பேர் கிடையாது, கூலியும் கிடையாது. எரிகிற அடுப்பைக் காய்ச்சல்காரப் பிள்ளையிடம் விட்டுப்போகவும் பயம். கீழ் லயத்தில் அப்படி ஒரு காம்பரா எரிந்திருக்கிறது. அம்மா நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சட்டியை இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி, படுக்கைக்கென்று மூலையில் குவித்திருந்த மானாப்புல்லுக்குள் செருகினாள். சூடு கொஞ்சமாவது நின்றால் பகலில் வந்து மறுபடி கொதிக்கவைக்கச் சுருக்காக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுடைய எண்ணம்.

பகலில் ஈரத்தோடு வந்து கம்பளியை அவிழ்த்தாள். நான் படுத்த இடத்திலிருந்தே ஆவியைப் பார்த்தேன். கரண்டியை விட்டு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். இன்னொரு பருக்கை. பிறகு வாயில் போட்டாள்.

"வெந்திருக்குடி" என்றாள், யாரோ திருடிப் போனதைச் சொல்கிற குரலில்.

அன்று அவள் சோற்றைச் சாப்பிட்டதைவிட அதைப் பார்த்த நேரம்தான் அதிகம். மறுநாள் வேண்டுமென்றே அப்படிச் செய்தாள். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் நடுவில் அரிசி நின்றது. தண்ணீரை அரிசிக்கு மேல் ஒரு விரற்கணு அளவுக்குக் குறைத்தாள். சட்டியின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்தாள். அப்பாவை இஸ்டோரில் கேட்டு ஒரு உடைந்த தேயிலைப் பெட்டி வாங்கிவரச் சொன்னாள். உள்ளே இருந்த ஈயத் தகட்டை உரித்து எடுத்துக்கொண்டு வெறும் மரத்தை இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கொடுத்தார். அடியில் ஒரு முழம் மானாப்புல், சுற்றிலும் புல், நடுவில் கம்பளிக்குள் சட்டி, மேலே மறுபடி புல், அதன்மேல் மூடிப் பலகை, சுற்றி ஒரு கயிறு. அம்மா கொழுந்துக் கூடைக் கயிறு போடுகிற முடிச்சாலேயே அதைக் கட்டுவாள். இழுத்தால் இறுகும், ஒரு நுனியைத் தட்டினால் அவிழும்.

அந்தச் சோற்றின் மணம் இப்போதும் எனக்குத் தெரியும். சூடான புல்லின் மணம், கம்பளியின் ஆட்டுவாடை, எல்லாவற்றுக்கும் அடியில் பெட்டிப் பலகையில் ஊறிய தேயிலைத்தூள். புகை மணம் மட்டும் இல்லை. புகை இல்லாத சோற்றை நான் முதன்முதலாக அப்போதுதான் தின்றேன். விடியற்காலையில் ஒரு கொதி கொதிக்கிற அளவுக்கு நெருப்பு எரிந்தால் போதும். முன்பு ஒரே நாளில் எரிந்துபோகிற கட்டு இப்போது மூன்று நாள் வந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பெட்டியைக் கட்டிவிட்டு அம்மா என் முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள்.

"இனிமே இங்க ஒனக்கு என்ன வேலை? போ. மணிக்கு முந்தியே போய் நில்லு."

பன்னிரண்டு நாள் போனேன். எண்ணி வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பகலில் நான் வரும்போது எங்கள் வாசலில் நாலைந்து பெண்கள் வெறும் சிரட்டையோடு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் பக்கத்துக் காம்பரா அத்தை. அவளுடைய கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு நாளாப் பாக்குறேன், ஒன் வீட்டுல பகலுல நெருப்பு இல்ல. கேட்டா சாம்பலைக் காட்டுற. பச்சத் தண்ணியா குடிக்கிறது நாங்க?"

அம்மா சொன்னாள்: "காலையில நான் மூட்டுறப்போ வாங்க அண்ணி, வேணுங்கிற மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. அவங்கவங்க அடுப்புச் சாம்பல்ல பொதைச்சு வைங்க."

"பொதைச்சா பாதி நாளு அவிஞ்சிருதே. காக்க ஆளு வேணும்ல?"

"அந்த ஆளு எம் புள்ளைதான்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"படிச்சு தொரை ஊட்டுக் கணக்கு எழுதப் போறாளாக்கும் ஒன் மக."

பின்னால் சிரித்தார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். "எழுதினா ஒங்களுக்கு ஒரு பேரு கூடப் போடச் சொல்றேன். இப்ப நீங்க ஒரு காரியம் பண்ணுங்க. ஒங்க சட்டியையும் காலையில கொண்டாந்து குடுங்க. பொட்டியில இன்னொரு சட்டிக்கு எடமிருக்கு. பகலுக்குச் சுடுசோறு. நெருப்பே வேணாம்."

அத்தை ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஒப்புக்கொண்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் படியில் கங்காணியம்மாவின் குரல் கேட்டது.

கங்காணியின் மனைவியான கங்காணியம்மா எங்கள் லயத்துப் பெண்களுக்கெல்லாம் மேலே இருந்தவள். நல்ல நாள், கெட்ட நாள், யார் வீட்டில் யார் முதலில் காலெடுத்து வைப்பது எல்லாம் அவள் சொல்வதுதான். "எழவு விழுந்த வீட்டுலதான் அடுப்பு எரியாது" என்றாள். "உசுரோட புருசன், புள்ளைய வச்சுக்கிட்டு நாளும் பொழுதும் அடுப்பை அவிச்சு வச்சா அது யாரைக் காவு கேக்கும்? இவ வீட்டோடயா நிக்கும்? லயம் பூராவும்ல கேக்கும். அந்தப் பொட்டிச் சோத்துல யாராச்சும் கை வச்சீங்க, அப்புறம் எங்கிட்ட வந்து அழப்படாது."

அத்தை சிரட்டையை மாரோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குளிரில் விறைத்துப்போய் வந்தவர்களுக்கு நெருப்பு வேண்டும். ஆனால் அந்த நெருப்புக்குள் ஒவ்வொரு காலையும் எதை வைத்து எரித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிற வரை தெரிந்திருக்கவில்லை.

அன்று அந்தியில் கங்காணி ஐயாவே வந்தார். கோட்டு, தலைப்பாகை, மடக்கிய குடை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதுதான் தன் வேலை என்று நினைத்தவர். பெட்டியைக் குடையால் தட்டினார்.

"நெருப்பில்லாமச் சோறு வேகுதாம்ல?"

"நெருப்பு காலையில காட்டுறேங்க. அந்தச் சூட்டை வெளிய விடாமப் பிடிச்சு வைக்கிறேன், அவ்வளவுதாங்க."

"பிடிச்சு வைக்க அது என்னா கோழியா?" என்றார். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி. நாளைக்கு எல்லாரும் பாக்கப் பொட்டியில வை. பகலுக்கு நானே வந்து தொறக்கிறேன். வெந்திருந்தா இது சூனியம் இல்ல, சமையல்தான்னு நான் சொல்லிப்புடுறேன். ஒன் மக பள்ளிக்கூடம் போகட்டும், யாரும் ஒண்ணும் பேசப்படாது. வேகலைன்னா நாளான்னைக்கு காலையில இருந்து உம் மக பழையபடி அடுப்படியில ஒக்காரணும். என்னா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "வைக்கிறேங்க" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் கங்காணியம்மாவும் அத்தையும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்று பார்த்தார்கள். உலை கொதித்தது, அரிசி விழுந்தது, ஒரு கொதி வந்தது. கம்பளி, புல், பலகை. அம்மா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். தப்புச் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். போகும்போது அம்மா, "இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேணாம், பொட்டிய யாரும் தொடாமப் பாத்துக்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம். தொறந்துறாத. பகல் வரைக்கும் சும்மா இரு" என்றாள்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விறகு இருந்தால் ஒடித்துக்கொண்டிருக்கலாம், ஊதிக்கொண்டிருக்கலாம். நெருப்பு என்றால் எரிவது தெரியும், சோறு என்றால் கொதிக்கிற சத்தம் கேட்கும். இந்தப் பெட்டி ஒன்றுமே சொல்லவில்லை. மேலே கொட்டகையில் மண்வெட்டித் தகடு அடித்தது. பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். அன்றைய பாடம் எனக்கில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பெட்டிப் பலகையில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. பலகை வெளியே சுட்டால்தான் சூடு வீணாகிறது என்று இப்போது தெரியும். ஒன்பது வயதில் எனக்கு என்ன தெரியும்? உள்ளே எல்லாம் ஆறிப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

கயிற்றைத் தட்டி அவிழ்த்தேன். புல்லை அள்ளி வெளியே போட்டேன். கம்பளியை விலக்கி மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். நன்றாக வேகட்டும் என்று கரண்டி விட்டு அடிவரை கிண்டினேன். மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பயம். மறுபடி திறந்தேன். மூன்றாம் தடவை திறந்தபோது ஆவி இல்லை. தண்ணீர் மேலாக நின்றது. எல்லாவற்றையும் பழையபடி திணித்து, கயிற்றைச் சுற்றி, எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். அடுப்பை மூட்டி மறுபடி கொதிக்கவைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் புகை வந்தால் லயத்துக்கே தெரிந்துவிடும். கதவோரமாக உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகலில் எல்லாரும் வந்தார்கள். காம்பராவுக்குள் இடமில்லாமல் வாசலில் மழையில் நின்றார்கள். அப்பாவும் இஸ்டோரிலிருந்து அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தார். கங்காணி ஐயா குடையை மடக்கி, "தொற" என்றார்.

அம்மா குனிந்து முடிச்சில் கை வைத்தாள். அவள் விரல் அங்கேயே நின்றது. அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அதை நான் ஒருத்திதான் கவனித்தேன். பிறகு ஒன்றும் நடக்காதது போல அவிழ்த்தாள்.

கங்காணியம்மா ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினாள். "நடுவுல கல்லு மாதிரி நிக்குது" என்றாள். எல்லாருக்கும் காட்டினாள். அத்தை ஒன்று எடுத்துக் கடித்துத் துப்பினாள். "இதைத் திங்க கோழிதான் வரணும்." வாசலில் பெரிய சிரிப்பு.

நான் வாயைத் திறந்தேன். பெட்டியை நான்தான் திறந்தேன், அம்மா செய்தது சரி என்று சொல்லிவிட்டால் போதும். ஏழெட்டு வார்த்தை. வரவில்லை. இந்த வயது வரை நான் சபையில் பேசாமல் போன எத்தனையோ இடங்கள் உண்டு. அந்த ஒரு இடத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

"அப்ப சொன்ன சொல்லுதான்" என்றார் கங்காணி ஐயா. "நாளைக்கு மக அடுப்படியில."

அம்மா நிமிர்ந்தாள். மூலையிலிருந்து மூன்று சோற்றுக் கோப்பைகளை எடுத்தாள். அந்தச் சோற்றை மூன்றிலும் போட்டாள். முந்தின நாள் துவையல் கொஞ்சம் இருந்தது, ஓரத்தில் வைத்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, "வா" என்று என்னை இழுத்து மடியோரமாக உட்காரவைத்தாள். தின்ன ஆரம்பித்தாள். கடக் கடக் என்று சத்தம் வாசல் வரை கேட்டது.

"என்னா புள்ள இது?" என்றார் கங்காணி ஐயா.

"வேகாதது எங்க சோறுதானேங்க. நாங்கதானே திங்கிறோம்." வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு மேலே சொன்னாள்: "தோத்தது நானுங்க. நெருப்புத் தர்றேன்னு சொன்ன நேரத்துக்குத் தர்றேன், காலையில. எத்தனை சிரட்டை வந்தாலும் தர்றேன். எம் புள்ளையத் தரமாட்டேன்."

அப்பா அதுவரை கதவில் சாய்ந்து நின்றார். அவர் அதிகம் பேசாதவர். நான் அவரைக் கொண்டு பிறந்தவள். உள்ளே வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். நிதானமாக மென்றார். "பல்லுக்கு நல்லதுதான்" என்றார்.

யாரோ ஒருத்தர் சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்து வேகாத சோறு தின்பதை எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று கங்காணி ஐயாவுக்கும் தெரியவில்லை போலும். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சும்மா விட்டுவிடவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்கு ஓடைக்கரை மலைதான். செங்குத்து, அட்டைக்காடு, கொழுந்தும் குறைவு. தை பிறந்து வெயில் வருகிற வரை அங்கேதான் போட்டார்கள். அந்தியில் வந்து காலில் இரத்தம் வடிந்த இடங்களுக்குச் சாம்பல் வைப்பாள். ஒரு நாளாவது, உன்னால்தான் என்று என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. நான் போனேன். அந்த வருஷமும், அதற்குப் பிறகும், ஐந்தாம் வகுப்பு வரை போனேன். பெரிய ஆள் ஒன்றும் ஆகவில்லை. கொழுந்தும் எடுத்தேன், கல்யாணமும் கட்டினேன். ஆனால் சம்பளச் சீட்டில் என் பேருக்கு நேரே எழுதியிருப்பதை நானே வாசித்துவிட்டுத்தான் கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இதையும் நானே எழுதுகிறேன். இவ்வளவுதான் கிடைத்ததா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு இது போதாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

லயத்து நெருப்பு என்ன ஆயிற்று? அதைத்தான் இப்போது சொல்லியாக வேண்டும். நான் எழுந்து போன இடத்தில் வேறொரு பிள்ளையை உட்காரவைத்தார்கள். தொட்டிலாட்டிக்கொண்டிருந்த ஏழு வயதுக்காரி. பக்கத்துக் காம்பரா அத்தையின் மகள். நான் சிலேட்டோடு போகும்போது அவள் விறகுக் கட்டோடு ஏறி வருவாள். வழியில் ஒதுங்கி நிற்பாள். கண் சிவந்திருக்கும். நாங்கள் பேசிக்கொள்ளமாட்டோம்.

வெலிமடையில் என்னைப் பார்த்து அடுப்பணைச்சவ மக என்று சொன்னவள் அவள்தான். அவள் சொன்ன சொல்லுக்குள் நாற்பது வருஷக் கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அம்மாடி, நீ அதை என் அம்மாவின் தலையில் கொட்டாதே. அந்தப் பெட்டியில் இன்னொரு சட்டிக்கு இடம் இருந்தது. என் அம்மா வாயால் கேட்டாள், உன் அம்மா எட்டிப் பார்த்தாள், கங்காணியம்மாவுக்குப் பயந்து பின்னால் போனாள். அது நடந்தபோது நீ புள்ளைமடுவத்தில் இருந்தாய். அதனால் இப்போது உனக்குச் சொல்கிறேன். எழவு வீடு என்றார்களே, அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் யாரும் சாகவில்லை. எங்கள் அடுப்பு அணைந்ததால் லயத்தில் கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். அது உன் படிப்பு. அதை அணைத்தது என் அம்மா இல்லை.

வேகாத சோறு தின்ற அன்று இரவு நான் அடிக்குக் காத்திருந்தேன். விழவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவும் இல்லை. காலையில் வழக்கம்போல எழுந்து உலை வைத்தாள். சிரட்டைகள் வந்தன, சொன்னபடி கங்கு கொடுத்தாள். அத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துப் போனாள். பிறகு சட்டியைச் சுற்றி, புல்லைத் திணித்து, பலகையை வைத்துக் கயிற்றைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நேத்து இதுல கெடந்தது விறகுக்கட்டு முடிச்சு" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா கயிற்றை இழுத்துத் தன் முடிச்சைப் போட்டாள். மேலே மண்வெட்டித் தகடு அடிக்கத் தொடங்கியது. என் முதுகில் கை வைத்து வாசல் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்த முடிச்சு இனிமே ஒனக்கு வேணாம். மறந்துரு."